என் கன்னி மூலை, அவருடைய ஈசானியம்

தென்மேற்கு உயர்ந்திருக்க வேண்டும், வடகிழக்கு தாழ்ந்து திறந்திருக்க வேண்டும் என்கிறது வாஸ்து. சீனத்து ஃபெங் சுய்யின் திசைக்கணக்கு வேறு, அக்கறை ஒன்றுதான்: வெளிச்சமும் காற்றும் வீட்டுக்குள் தடையில்லாமல் நடமாட வேண்டும். இந்த இரண்டையும் இன்று நமக்கு விற்பவர்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. என் வீட்டுக்கு வெளிச்சம் வர நான் செய்யும் ஏற்பாட்டில், யார் வீட்டு வெளிச்சம் நிற்கிறது?

இது எனக்குப் புத்தகத்திலிருந்து வந்த கேள்வி இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. பின்னால் இருக்கும் கொல்லையில் இரண்டு தளம் எழுப்பி வாடகைக்கு விடலாம் என்று தம்பி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். வந்து பார்த்த வாஸ்துக்காரர், "கன்னி மூலையை ஏத்துங்க, குடும்பம் நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூலைக்கு அப்பால், கொஞ்சம் தென்மேற்கே தள்ளி ஓர் ஓட்டு வீடு. அங்கே குடியிருக்கும் அக்கா துணி தைக்கிறவர். மிஷினை வடகிழக்கு ஜன்னலோரம் போட்டிருக்கிறார். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிற வேலையையெல்லாம் காலை வெளிச்சத்திலேயே முடித்துவிடுவார். எங்கள் கன்னி மூலைதான் அவருடைய ஈசானியம்.

"அவங்களும் வேணும்னா மாடி கட்டிக்கட்டும்க்கா, நாம வேண்டாம்னா சொன்னோம்?" என்றான் தம்பி.

எல்லோரும் இதையே செய்தால் என்ன ஆகும் என்று கேட்பது, ஒரு விதியைச் சோதிக்க நல்ல வழி. இம்மானுவேல் காண்ட் 1785-இல் எழுதிய அறநூலின் மையமே இந்தச் சோதனைதான். இதில் போட்டுப் பாருங்கள். தெருவில் எல்லோரும் தென்மேற்கை உயர்த்தினால், ஒவ்வொரு வீட்டின் ஈசானியத்துக்கும் எதிரே இன்னொருவரின் சுவர் நிற்கும். அப்படியானால் இவ்வளவு காலம் இந்த விதி எப்படித் தாக்குப்பிடித்தது?

பதில் சிதம்பரத்தில் இருக்கிறது. தேரோடும் வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளுக்குள் போயிருக்கிறீர்களா? என் அத்தை வாழ்க்கைப்பட்டது அப்படி ஒரு வீட்டில். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், அதில் ஜன்னலே கிடையாது. திண்ணை, ரேழி தாண்டி உள்ளே போனால் முற்றம். பகல் முழுக்க அந்த வீட்டுக்கு வெளிச்சம் அங்கிருந்துதான். வெயில் தாழ்வாரத்தில் எந்தத் தூண் வரை வந்திருக்கிறது என்று பார்த்தே அத்தை மணி சொல்லுவார். அந்த வீடு தன் தலைக்கு மேலிருக்கும் வானத்திலிருந்து வெளிச்சத்தை எடுத்துக்கொண்டது, பக்கத்து வீட்டுக்காரரின் காலி இடத்திலிருந்து எடுக்கவில்லை. ஈசானியத்தைத் திறந்து வை என்பதற்கும் அங்கே அதுதான் அர்த்தம்: உன் மனையில் ஒரு பகுதியை நீயே கட்டாமல் விடு. நாம் அந்தப் பகுதியைத் தளம் போட்டு மூடிவிட்டு, உயர்த்தச் சொன்ன பாதியை மட்டும் சாஸ்திரம் என்று வைத்துக்கொண்டோம்.

"அப்போ சாஸ்திரம் பொய்யா?" என்று கேட்டார் அப்பா. பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஊரைப் பார்த்துச் செய்யப்பட்ட ஏற்பாடு. பெய்ஜிங் ஏறத்தாழ 40 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே வருஷம் முழுக்க உச்சிவெயில் தெற்கிலிருந்துதான் வரும், குளிர்காற்று வடக்கிலிருந்து வரும். வீடு தெற்குப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. சிதம்பரம் 11.4 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதம் நடுப்பகலில் வடக்கே சாய்ந்திருக்கும். கடலூரில் ஈசானியத்திலிருந்து காலை வெயில் மட்டுமா வருகிறது? வடகிழக்குப் பருவமழையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஃபெங் சுய் என்றால் காற்று, நீர் என்று பொருள். 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்த ஊருக்கு அந்த இரண்டு வார்த்தையையும் யாரும் விளக்க வேண்டாம். இடத்தைப் பார்த்துத்தான் விதி என்றால், அந்த இடத்தில் பின்வீடும் சேர்த்திதானே?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 1882-ஆம் வருஷத்து சட்டம் ஒன்று, வக்கீல்கள் ஈஸ்மென்ட் ஆக்ட் என்பார்கள். அதன் 15-ஆவது பிரிவின்படி, ஒரு கட்டடத்துக்கு வெளிச்சமும் காற்றும் இருபது வருஷம் இடையூறில்லாமல் கிடைத்து வந்தால் அது உரிமையாகிவிடும். அந்த ஓட்டு வீடு அதைவிடப் பழசு. ஆனால் வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார், அவர் கேஸ் போடப்போவதில்லை. அக்கா வாடகைக்கு இருப்பவர், கோர்ட்டுக்குப் போகிற ஆள் இல்லை. தட்டிக்கேட்க ஆளில்லை என்பதால் ஒரு காரியம் சரியாகிவிடுமா?

"நல்ல எல்இடி லைட் ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்க்கா" என்றான் தம்பி. அவன் கெட்டவன் இல்லை, மனசோடுதான் சொன்னான். நான் நிறைய நேரம் யோசித்தது இந்த ஒரு வரியைத்தான். வெளிச்சத்தின் அளவு சரியாகிவிடலாம். ஆனால் சூரிய வெளிச்சத்துக்காக அக்கா இதுவரை யாரையும் கேட்டதில்லை, யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அதை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லியாக வேண்டிய ஒன்றை அவர் கையில் கொடுப்பது ஈடாகாது. பொதுவில் இருந்ததை நம் தயவாக மாற்றிவிடுகிறோம்.

பொது என்ற சொல்லை இந்த மண்ணில் லேசாகச் சொல்லிவிட முடியாது. தில்லைக்கு அம்பலம் என்று பேர். அம்பலம் என்றால் எல்லோரும் கூடும் பொதுவிடம். ரகசியம் வெளியே வந்தால் இன்றும் அம்பலமாகிவிட்டது என்கிறோம். அதே அம்பலத்தில் திரையை விலக்கிக் காட்டுவது வெட்டவெளியை. சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், வடலூரில் சத்திய ஞான சபையைக் கட்டி, 1872 ஜனவரி 25 தைப்பூசத்தன்று ஏழு திரைகளுக்குப் பின்னாலிருந்து காட்டியது ஒரு ஜோதியை. சபையைச் சுற்றியுள்ள பெருவெளி பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலம், சுமார் 80 காணி. அது திறந்து கிடப்பதால்தான் தூரத்தில் நிற்பவரும் ஜோதியைப் பார்க்க முடிகிறது. 2024-இல் அங்கே அரசு சர்வதேச மையம் கட்ட முனைந்தபோது அந்த ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். கட்டடம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். வெளிச்சம் எல்லோருக்கும் தெரிய வேண்டுமென்றால் யாரோ தன் நிலத்தைக் கட்டாமல் விட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் வைத்து நான் வீட்டில் சொன்னது இதுதான்: ஒரே தளம் போதும். பின்சுவரிலிருந்து பத்தடி தள்ளிக் கட்டுவோம். பழைய வீட்டுக்கும் புதுசுக்கும் நடுவில் சின்னதாய் ஒரு முற்றம் விடுவோம், நமக்கு வெளிச்சம் அதிலிருந்து வரட்டும். எட்டு மணிக்கெல்லாம் அக்கா ஜன்னலுக்கு வெயில் வந்துவிடும். வாடகை பாதியாகும், கன்னி மூலை காலியாகக் கிடக்கும். தம்பி கணக்குப் போட்டுப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். கன்னி மூலை காலி என்பதுதான் அப்பாவை உறுத்துகிறது, இன்னும் சரியென்று சொல்லவில்லை.

நீங்கள் நாளைக்கு வீடு கட்டலாம், ஃப்ளாட் பார்க்கப் போகலாம். திசைகாட்டி வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. காலை பத்து மணிக்குப் போய், அந்த இடத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் லைட் எரிகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.