மனைக்கு மனை மாறும் வழக்கம்

ஒரே வேதத்தை ஓதுவோர் ஒரே விதமாய் ஒழுகவேண்டாமா என்னும் வினாவுக்கு யூதர்தம் இல்லங்கள் தக்க விடை பகரும்.

எகிப்திய அடிமைத்தளை நீங்கியதை நினைவுகூரும் பாஸ்காப் பண்டிகையில் புளித்த மாப்பண்டம் உண்ணலாகாதென்பது அவர்தம் வேதக் கட்டளை. இதில் வேற்றுமை இல்லை. ஆயின் ஜெர்மனி, போலந்து முதலிய நாடுகளின் வழிவந்த அஷ்கெனாசி வகுப்பார், வேதம் விலக்காத அரிசியையும் பருப்பையும் அந்நாட்களில் விலக்கினர். செபார்டி வகுப்பாரிற் பலரும், சிங்கப்பூரில் 1878ல் வாட்டர்லூ தெருவில் ஜெபாலயம் எழுப்பிய பாக்தாத் யூதரின் மரபினரும் அரிசியை நன்கு பொறுக்கிச் சமைத்துண்பர். ஓய்வுநாளை வரவேற்கச் சூரியன் மறைவதற்கு 18 நிமிஷம் முன்னர் விளக்கேற்றுதல் பலவூர் வழக்கம். ஜெருசலேமிலோ 40 நிமிஷம்.

1565ல் வெனிஸ் நகரில் அச்சேறிய யோசேப்பு காரோவின் நீதிநூல் பெரிதும் செபார்டி முறையைத் தழுவியது. கிராக்கோ நகரத்து மோசஸ் இஸ்ஸர்லெஸ் அதன்மீது அஷ்கெனாசி வழக்கங்களைக் குறிப்பாக எழுதிச் சேர்த்தார். மாறுபட்ட இரு முறைகளும் இன்றளவும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஏட்டில் இயைந்தவை வீட்டில் இயையுமா?

அரிசியுண்ணும் வீட்டுப் பெண், உண்ணா வீட்டில் மருமகளாய்ப் புகின், கணவன் வீட்டு வழக்கமே அவளுக்கும் உரியது என்பர் ஆசிரியர் பலர். பண்டிகையன்று தாய் இட்ட சோற்றை அவள் தொடாது எழுந்தால் அத்தாயின் மனம் என்ன பாடுபடும்! தாய்தந்தையரைப் போற்றுக என்பது வேதம் விதித்தது; அரிசியை விலக்குக என்பது வேதம் விதியாதது. விதியாததன் பொருட்டு விதித்ததை நோகச் செய்தல் அறமாகுமா?

அதனால் வழக்கங்களையெல்லாம் களைந்தெறிக என நாம் கூறோம். 1492ல் ஸ்பெயினினின்று துரத்தப்பட்டோர் நிலத்தை எடுத்துச்செல்ல இயலவில்லை. அடுக்களை முறையை எடுத்துச்சென்றனர். நாடிழந்தார்க்கு வழக்கமே நாடு. அதனைப் பகுத்தறிவின் பேரால் எள்ளுதல் எளிது. அதன் இடத்தை நிரப்புதல் அரிது.

பின் அளவுகோல் யாது? ஹில்லல் குழாத்தார் ஹனுக்கா விளக்கை நாடோறும் ஒன்றாகக் கூட்டுக என்றனர். ஷம்மாய் குழாத்தார் குறைத்து வருக என்றனர். மணவிதிகளிலேயே முரண்பட்டும், அவ்விரு குழாத்தாரும் தம்முள் பெண் கொடுத்துக் கொள்வதை நிறுத்தவில்லை என்று மிஷ்னா கூறுகின்றது. இஸ்ஸர்லெஸும் அரிசி பருப்பை உண்ணலாகாதென்றாரேயன்றி, வீட்டில் வைத்திருத்தலைத் தடுக்கவில்லை. 2015ல் அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் பிரிவினரின் சட்டக்குழு அவற்றை உண்ணவும் இசைந்தது. ஆர்த்தடாக்ஸ் பிரிவின் அஷ்கெனாசியரோ பழைய முறையில் நிற்கின்றனர்.

யார் சரி என்பதன்று நம் ஆராய்ச்சி. தன் கலத்தில் எதை இடுவது என்பதை வழக்கம் சொல்லட்டும். யாருடன் அமர்ந்து உண்பது என்பதைச் சொல்ல அதற்கு உரிமையில்லை என்பதே நம் துணிபு.