இரு பிரிவினர்

"இரு பிரிவினரிடையே மோதல், போலீஸ் குவிப்பு." கான்சாபுரத்து டீக்கடையில் ஒருவர் இப்படியொரு செய்தியை வாய்விட்டுப் படித்தால், அந்த இரு பிரிவினர் யாரென்று யாரும் கேட்கப்போவதில்லை. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் போதும். யார் அடித்தது, யார் அடிபட்டது என்பதுதான் தெரியாது. சாதியை மறைப்பதாகச் சொல்லிக்கொண்டு பத்திரிகை அடித்தவனை மறைத்துவிட்டது.

பெயர் போட்டால் கலவரம் பரவும் என்பார்கள். பிரஸ் கவுன்சில் நெறிமுறையும் பொதுவாகச் சாதி அடையாளத்தைத் தவிர்க்கச் சொல்கிறது, ஒரு சாதிக்கு இழிவு சேரும் இடத்தில் குறிப்பாக. சரி. சைக்கிள் திருடியவனின் சாதி யாருக்கும் வேண்டாம். ஆனால் சாதியே காரணமாக ஒருவன் வெட்டப்பட்டால்? வீடு புகுந்து அடித்ததற்கு 'மோதல்' என்று பெயர் வைத்தால், அடி வாங்கியவனும் பாதிக் குற்றவாளி ஆகிறான். இதை நடுநிலை என்கிறோம்!

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்கு நிற்க, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர், குற்றம் சாட்டப்பட்டவர் அப்படி அல்லாதவர் என்பது தெளிவாக வேண்டும். சட்டம் கேட்டு வாங்குகிற விவரத்தைத்தான் காலைப் பேப்பர் நாகரிகம் கருதி விட்டுவிடுகிறது.

பெயரை மறைக்கும் இந்த வித்தையை அரசும் அறியாததல்ல. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம், விருதுநகரில், என்று அறிவிப்பு வந்தது. அவர் கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளையரோடு போரிட்டவர், தேவேந்திரகுலத்தில் பிறந்தவர். தேவர் சமூகத்தினரில் ஒரு பகுதியினர் அந்தப் பெயரை ஏற்க மறுத்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. அரசு என்ன செய்தது? அந்த ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. ஒரு தலித் வீரனின் பெயரை ஏன் ஏற்க முடியாது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமலே தப்பித்தார்கள். பஸ்ஸில் பெயர் அழிந்தது; அதை எதிர்த்த எண்ணம் அப்படியே இருக்கிறது.

செய்தி எழுதும் நண்பர்களே, யார், யாரை, எதற்காக அடித்தார்கள் என்று எழுதுங்கள். உறுதியாகத் தெரியவில்லையா, தெரியவில்லை என்றே எழுதுங்கள். ஒரு சாதி முழுவதையும் பழிக்காமல் அடித்தவனை மட்டும் சுட்டுவதற்குத் தமிழில் சொல்லா இல்லை?