அறுபது புள்ளிகள்

"புது டிவியில எல்லாரும் மெழுகு பொம்மை மாதிரி இருக்காகடா" என்று அம்மா போனில் சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்தைந்து இஞ்ச், 4கே. இரண்டு மாத இஎம்ஐ கட்டியிருந்தேன். பதினான்கு இஞ்ச் இலவச டிவியில் பத்து வருஷத்துக்கு மேல் படம் பார்த்தவருக்குப் பெரிய திரை பழக நாளாகும் என்று சொல்லிவிட்டேன். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கமான பதில் உண்டு: என் மிஷினில் நன்றாகத்தான் ஓடுகிறது. சொல்பவரின் கண்ணில்தான் கோளாறு என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது.

தீபாவளிக்கு சிவகாசி போனபோது பார்த்தேன். அம்மா சொன்னது சரி.

முதல் பாதி ரிப்பேர் சுலபம். மாட்டிவிட்டுப் போன பையன் படத்தை 'விவிட்' மோடில் விட்டிருந்தான். கடையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பக்கத்து டிவியைத் தோற்கடிப்பதற்கான மோடு அது. வீட்டுக் கூடத்தில் முகங்களெல்லாம் ஆரஞ்சு, சேலையெல்லாம் தீ. செட்டாப் பாக்ஸை சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரில் இணைத்திருந்தான். எச்டிஎம்ஐ ஒயர் பெட்டியிலேயே பிரிக்காமல் கிடந்தது. சதுரத்துக்குப் பக்கமான பழைய சேனல் படத்தை இழுத்து அகலத் திரை முழுக்க நிரப்பியிருந்ததால் எல்லா நடிகர்களும் பத்து கிலோ கூடியிருந்தார்கள். ஷார்ப்னஸ் உச்சத்தில். ஷார்ப்னஸைக் கூட்டினால் படம் கூர்மையாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் டிவி செய்வது ஓரங்களைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு வரைவது. கண் அதைக் கூர்மை என்று நம்பிவிடுகிறது.

ஒவ்வொன்றாகக் குறைத்தேன். கடைசியாக மோஷன் ஸ்மூத்திங். சினிமா நொடிக்கு 24 சட்டகம். டிவி இரண்டு சட்டகங்களுக்கு நடுவே நடந்திருக்கக்கூடியதை ஊகித்து, கேமரா எடுக்காத சட்டகங்களைத் தானே செய்து செருகும். 2018 டிசம்பரில் டாம் குரூஸ், இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தயவுசெய்து அதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோ போட்டது இதைப் பற்றித்தான். அணைத்தேன். மெழுகு கொஞ்சம் கரைந்தது. அம்மாவுக்கும் பரவாயில்லை போலிருந்தது. அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

மறுநாள் அம்மா பீரோவிலிருந்து அக்கா கல்யாண சிடியை எடுத்துக்கொண்டு வந்தார். 2006. மூன்று சிடி. அப்பா போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அவர் நடந்து, பேசி, சிரிப்பது எங்களிடம் இருப்பது அந்த மூன்று சிடியில் மட்டும்தான். பழைய பிளேயர் செத்துப்போய் நாளாகிவிட்டது. நான் கொண்டுபோயிருந்த யுஎஸ்பி டிரைவில் போட்டு, உள்ளே இருந்த டேட் கோப்புகளைக் காப்பி செய்து, பெயரின் வாலை எம்பிஜி என்று மாற்றி பென் டிரைவில் ஏற்றினேன். டிவி எடுத்துக்கொண்டது.

நாதஸ்வரம், பூமழை கிராபிக்ஸ், மண்டப வாசல். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டே அப்பா கேமரா பக்கம் திரும்புகிறார். முகம் திரையின் பாதிக்கு வருகிறது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாருடா இது?"

"அப்பாம்மா."

"அப்பான்னு தெரியுது. அவுக மூஞ்சி எங்க?"

அப்பாவுக்குச் சின்ன வயதில் பெரியம்மை வந்திருக்கிறது. இந்தியாவில் அந்த நோய் 1975-இல் நின்றுபோனது. அதற்கு முன் வந்து பிழைத்தவர்களின் தலைமுறை அவர். இரண்டு கன்னத்திலும் குழி. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு குழியிலும் ஒரு துளி நிழல் நிற்கும். வீடியோக்காரரின் ஹாலஜன் விளக்கு பக்கவாட்டில்தான் இருந்தது. ஆனால் திரையில் கன்னம் வழவழவென்றிருந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்தது. வீசிடி என்பது 352-க்கு 288 புள்ளி. மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம். அதை உருவம் கெடாமல் இந்தத் திரையின் உயரத்துக்குக் காட்ட 62 லட்சம் புள்ளி வேண்டும். அதாவது சிடி தருவது ஒரு புள்ளி என்றால் டிவி தன் கையிலிருந்து அறுபது போடுகிறது. அதோடு, அந்தக் காலத்து வீடியோவில் அழுக்கு மாதிரி நெளியும் சின்னச் சின்னப் பொட்டுகளை நீக்க நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று ஒன்று உண்டு. அந்தக் கணக்குக்கு அம்மைத் தழும்பும் அழுக்கும் ஒன்றுதான். இரண்டுமே சுற்றியிருப்பதோடு ஒட்டாத சின்ன இருட்டுப் பொட்டு. துடைத்துவிட்டது.

அதை அணைத்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது, ஓரங்கள் நடுங்கின. கன்னத்தில் குழிகள் திரும்பி வந்தன. முழுசாக இல்லை, ஒரு சொரசொரப்பாக. "ம், வந்துட்டாக" என்றார் அம்மா. வீட்டுக்கு யாரோ வந்த தொனியில்.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. இன்ஜினியர் புத்தி. அன்று ராத்திரி லேப்டாப்பில் அந்த ஒரு காட்சியை மட்டும் வெட்டி, முகங்களைத் தெளிவாக்கும் ஏஐ மாடல் ஒன்றில் கொடுத்தேன். விடிகாலை மூன்று மணிக்கு முடிந்தது. திறந்து பார்த்தேன். அப்படியொரு தெளிவு. புருவ முடி தனித்தனியாக. கண்ணில் விளக்கின் ஒளிப்புள்ளி. பல்வரிசை ஒழுங்காக. நல்ல அழகான, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்கள் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பயமாக இருந்தது என்று எழுதினால் கொஞ்சம் நாடகமாகிவிடும். கூச்சமாக இருந்தது. மெக்கானிசம் தெரிந்தவனுக்கு அந்தக் கூச்சம் கூடுதல். சாதாரணமாகப் படத்தைப் பெரிதாக்கும்போது டிவி பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை எடுத்து இடைவெளியை நிரப்புகிறது. அந்த அறுபதும் ஊகம்தான், ஆனால் அப்பாவின் புள்ளிகளிலிருந்தே பிறந்த ஊகம். ஏஐ மாடல் அப்படி இல்லை. அது பல்லாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகியது. இந்த இடத்தில் கன்னம் என்றால் பெரும்பாலும் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். பெரும்பாலான கன்னங்களில் குழி கிடையாது. முன்பின் தெரியாத மனிதர்களின் தோலைத் தைத்து என் அப்பாவுக்குப் போர்த்தியிருந்தேன்.

2013-இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி விஞ்ஞானி கண்டுபிடித்த ஒரு விஷயத்தை எங்கள் துறையில் பலரும் அறிவார்கள். ஒரு வீட்டு வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்கேனரில் கொடுத்தால், வெவ்வேறு அளவுள்ள மூன்று அறைகள் வெளியே வரும்போது ஒரே பரப்பளவு ஆகிவிட்டன. கோப்பின் அளவைக் குறைக்க அந்த மென்பொருள், ஒரே மாதிரித் தெரியும் சின்னத் துண்டுகளை ஒரு முறை மட்டும் சேமித்து மற்ற இடங்களில் அதையே ஒட்டிக்கொண்டிருந்தது. சில இடங்களில் 6 போய் 8 வந்து உட்கார்ந்தது. எனக்கு இதில் உறைப்பது, வந்த எண் மங்கலாக இல்லை என்பதுதான். மங்கியிருந்தால் படிப்பவர் சந்தேகப்பட்டு மூலத்தைத் தேடியிருப்பார். பளிச்சென்று இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சரி, கட்டம் கட்டமாக உடையும் அந்தப் பழைய படம் மட்டும் உண்மையா? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. வீசிடி ஆக்கும்போதே டேப்பில் இருந்ததில் பெரும்பகுதி தூக்கியெறியப்பட்டது. அதற்கு முன்னால் வீடியோக்காரர் எங்கே விளக்கு வைத்தார், எப்போது ஜூம் செய்தார் என்பதெல்லாம் தேர்வுகள். ஒரு லட்சம் புள்ளியைப் பெரிய திரையில் எதையும் சேர்க்காமல் காட்ட வழியே இல்லை. அதே புள்ளியைப் பெரிய சதுரமாகப் போட்டாலும் அதுவும் ஒரு முடிவுதான். யாரும் தொடாத படம் என்று ஒன்று கிடையாது.

ஆனாலும் தொலைப்பதும் புனைவதும் ஒரே தப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தொலைத்த படம், இங்கே ஏதோ இருந்தது, என்னிடம் இல்லை என்று தன் ஓட்டையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. புனைந்த படம் ஓட்டையையும் சேர்த்து மூடிவிடுகிறது. முன்பு வேலை பார்த்த இடத்தில், அடையாள அட்டையின் மங்கலான போட்டோவைத் தெளிவாக்கி, அதற்குப் பிறகு முகத்தை ஒப்பிடும் ஒரு ஏற்பாட்டுக்கு நானே கோடு எழுதியிருக்கிறேன். ஒப்பிடும் எண்ணிக்கை உயர்ந்தது, கைதட்டினார்கள். தெளிவான அந்த முகம் யாருடையது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

இதையெல்லாம் ஒரு கொள்கையாகத் தேற்றி வைத்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது, கூடத்தில் மாலையோடு தொங்கும் அப்பா படம். ஸ்டூடியோவில் செய்தது. அப்பா வாழ்நாளில் போடாத கோட்டு. பின்னால் நீல வானம். கன்னத்தில் ஒரு தழும்பு கிடையாது, டச்சப்பில் போய்விட்டது. பத்து வருஷமாக அம்மா தினமும் அதற்கு விளக்கேற்றுகிறார். அதில் மூஞ்சி எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்டேவிட்டேன். "இதுலயும்தான் தழும்பு இல்ல. இது மட்டும் பரவாயில்லயா?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது கும்புடுறதுக்குடா. இது பாக்குறதுக்கு."

ரோலான் பார்த் தன் அம்மாவின் சிறுவயதுப் போட்டோ ஒன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அந்தப் போட்டோவை மட்டும் 1980-இல் வந்த அந்தப் புத்தகத்தில் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு படம் என்பது அவர் சொன்ன காரணம். கல்லூரியில் படித்தபோது அது பிகு பண்ணுவது மாதிரிப் பட்டது. இப்போது வேறு மாதிரி படுகிறது. ஒரு படம் சரியாக இருக்கிறதா என்பதை அதை எதற்காகப் பார்க்கிறோம் என்பதிலிருந்து பிரிக்க முடியாது போல. அம்மா ஸ்டூடியோ படத்தை அப்பாவின் சாட்சியாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளவில்லை. அது செய்யப்பட்டது என்று அவருக்குத் தெரியும், கோட்டைக் கொடுத்தவரே அவர்தான். டிவி செய்தது அப்படி இல்லை. கேட்காமல் செய்தது, செய்ததைச் சொல்லவுமில்லை. மெனுவில் நான்காவது அடுக்கில் ஒளிந்திருந்தது அந்த பட்டன்.

அப்பா ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின்மேன். காலண்டர் முருகனின் முகத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். ஒரு தடவை என்னையும் பார்க்கச் சொன்னார். முருகன் இல்லை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் பொட்டுகள். தள்ளி நின்னு பாரு, வருவாரு என்றார். அது ஞாபகம் வந்துதான் அம்மாவின் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டேன். கட்டங்கள் கண்ணுக்குக் குறைந்தன. டிவியில் ஒரு செட்டிங்கையும் தொடவில்லை.

லேப்டாப்பில் இருந்த ஏஐ கோப்பை அம்மாவிடம் காட்டவில்லை. அழிக்கவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏன் என்று சரியாகத் தெரியவில்லை. அந்த மனிதர் சிரிப்பது அப்பா மாதிரியே இருக்கிறது.

எங்கள் டிவி ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி செட்டிங் வைத்துக்கொள்ளும். பென் டிரைவுக்கு எல்லாவற்றையும் அணைத்துவைத்தேன். ஊருக்குக் கிளம்பும்போது அம்மா கூப்பிட்டார்.

"டேய், நாடகத்துக்கு மட்டும் பழையபடி வச்சிட்டுப் போடா. சேலைக் கலரெல்லாம் செத்துப்போய்க் கெடக்கு."

வைத்துக் கொடுத்தேன். விவிட்.