தேரோடு வந்து நின்றவர்

(ஆண்டின் பொதுக்காலம் 28ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு)



இன்றைய முதல் வாசகம், நாமான் யோர்தான் ஆற்றில் ஏழு முறை மூழ்கி எழுவதில் தொடங்கி, அவர் இறைவாக்கினர் எலிசாவிடம் மண் கேட்பதோடு நின்றுவிட்டது. மொத்தம் நான்கே வசனங்கள். வீட்டுக்குப் போனதும் 2 அரசர்கள் நூலின் 5ஆம் அதிகாரத்தை முழுவதுமாக எடுத்து வாசியுங்கள். நம் வேலைக்கு நடுவே ஒரு பெரிய மனிதர் திடீரென்று வந்து நின்றால் நமக்குள் என்னவெல்லாம் நடக்கும் என்பது அந்த அதிகாரத்தில் இருக்கிறது.

உங்களில் பலருக்கு அது பழக்கமானதுதான். இரவுப் பணியில் இருக்கும் செவிலியரின் வார்டுக்கு, நெஞ்சுவலியோடு ஓர் அமைச்சரைக் கொண்டுவருகிறார்கள். நகைக்கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கும் பெண்ணின் முன்னால், திரையில் மட்டுமே பார்த்த ஒரு முகம் வந்து நிற்கிறது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வரிசை வாசலைத் தாண்டி நீள, ஊர்ப் பெரும்புள்ளி பக்கக் கதவு வழியாக வந்து எழுத்தரின் மேசையருகே உட்காருகிறார். உடனே நம் குரல் மாறிவிடுகிறது. அதுவரை இல்லாத நாற்காலி எங்கிருந்தோ வந்துவிடுகிறது. வரிசையில் நிற்கும் முதியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்கிறார். பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும் அழுக்கு உடை உடுத்தியவருக்குத் தரையும் காட்டியவர்களைத் திருத்தூதர் யாக்கோபு தம் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் கண்டித்தது கோவிலுக்கு வெளியே இருந்தவர்களை அல்ல, செபிக்கக் கூடியிருந்தவர்களை.

நாமான் சிரியா நாட்டின் படைத்தலைவர், ஆனால் தொழுநோயாளர். அவருடைய வீட்டில் ஒரு சிறுமி வேலை செய்தாள். சிரியப் படையினர் இஸ்ரயேலில் கொள்ளையடிக்கப் போனபோது பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை அவள். அவளுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. யாருடைய படை தன்னைப் பெற்றோரிடமிருந்து பிரித்ததோ, அவருடைய வீட்டிலேயே அவரது மனைவிக்குப் பணிவிடை செய்கிறாள். வாய்மூடி இருந்திருக்கலாம். இவர் அழுகிச் சாகட்டும் என்றுகூட நினைத்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவளோ தன் தலைவியிடம், சமாரியாவில் இருக்கும் இறைவாக்கினரிடம் ஐயா போனால் நலம் பெறுவாரே என்கிறாள். பதக்கங்களும் வெற்றிகளும் மறைத்துவைத்திருந்த நோயை அவள் பார்த்தாள். ஊரெல்லாம் அஞ்சிய மனிதருக்கு உடம்பு நோகிறது என்று இரங்கினாள். அச்சம் அவளைக் குறுக்கவில்லை, பகை அவளைக் கெடுக்கவில்லை. இந்த அதிகாரத்தில் என் மனத்தை அதிகம் தொடுபவள் இந்தப் பிள்ளைதான்.

நம் குமரி மண்ணிலும் இப்படி ஒன்று நடந்தது. 1741 ஆகஸ்டில் குளச்சல் போரில் தோற்ற டச்சுப் படையின் தளபதி டிலனாய், திருவிதாங்கூரின் கைதியாகிப் பின்னர் மார்த்தாண்ட வர்மா மன்னரின் படைக்குப் பயிற்சி அளிப்பவரானார். நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனை அதிகாரி. வேலைதான் இருவரையும் சந்திக்க வைத்தது. ஆடுமாடுகள் மடிந்து, பயிர் பொய்த்துப் பிள்ளையவர்கள் மனமுடைந்திருந்த நாளில், டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி. சிறைபிடிக்கப்பட்டு வந்தவர், அரண்மனை அதிகாரியின் முகத்தில் இருந்த வேதனையைக் கண்டுகொண்டார். அந்த உரையாடல் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்காயிற்று. 1752 சனவரியில் காற்றாடிமலையில் மறைசாட்சியமாயிற்று. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் நீலகண்ட பிள்ளையைப் புனிதர் தேவசகாயம் என்று அறிவித்தார். வேலையிடத்தில் ஒரு துயரப்பட்ட மனிதரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது இது.

நாமானுக்குத் திரும்புவோம். குதிரைகளும் தேர்களுமாக அவர் எலிசாவின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். 10 தாலந்து வெள்ளி கொண்டுவந்திருக்கிறார், நம் கணக்கில் 300 கிலோவுக்கும் மேல். 6000 பொற்காசுகள், பத்து உடைகள் வேறு. எலிசா வெளியே வரவே இல்லை. யோர்தானில் ஏழு முறை மூழ்கும்படி ஆளிடம் சொல்லி அனுப்புகிறார். நாமானுக்கு வந்த கோபம் இயல்பானதே. இறைவாக்கினர் வெளியே வந்து, நோயுள்ள இடத்தில் கையசைத்துக் குணமாக்குவார் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். எலிசா அவரை அவமதித்ததாகச் சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாமானுக்குத் தேவையானதை அவர் கொடுத்தார், குறைவில்லாமல் கொடுத்தார். கொடுக்காமல் விட்டது பதவிக்குரிய வரவேற்பை மட்டும். அமைச்சருக்கும் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒரே மருந்தை ஒரே கவனத்தோடு ஏற்றுகிற செவிலியர் செய்வதும் இதுதான். நலம் பெற்றுத் திரும்பிய நாமானிடமிருந்து எலிசா ஒரு காசுகூட வாங்கவில்லை. குணமாக்கியவர் கடவுள், கூலி வாங்கத் தாம் யார் என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது.

அதே வீட்டில் வேலை செய்த கேகசிக்கு அது பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய ஆள் வந்தார், சும்மா அனுப்புவதா? தேருக்குப் பின்னால் ஓடினான். தலைவரைத் தேடி இளைஞர்கள் இருவர் வந்திருக்கிறார்கள் என்று ஒரு பொய். ஒரு தாலந்து கேட்டான், இரண்டு கிடைத்தது. நாமான் அவனைக் கண்டதும் தேரிலிருந்து இறங்குகிறார், கவனித்தீர்களா? வாசலில் தமக்கு வரவேற்பு இல்லையென்று கொதித்தவர், இப்போது ஒரு பணியாளுக்காக இறங்கி வந்து எல்லாம் நலமா என்று கேட்கிறார். அவர் மாறிவிட்டார். பல ஆண்டுகள் இறைவாக்கினரோடு இருந்தவனோ அந்த ஒரு நாளில் விழுந்துவிட்டான். நாமானை விட்டு நீங்கிய நோய் அவன்மேல் வந்தது. பெரிய மனிதரைக் கண்டதும் இவரிடம் என்ன பெறலாம் என்று கணக்குப் போடும் மனம் நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. ஒரு சிபாரிசுக் கடிதம், பையனுக்கு ஒரு வேலை, சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு படம். சிறிதாகத்தான் தொடங்கும்.

இறுதியாக ஒன்று. இன்றைய வாசகம் நின்ற இடத்துக்கு அடுத்த வசனத்தில் நாமான் தயங்கித் தயங்கி ஒரு மன்னிப்பு கேட்கிறார். என் அரசர் ரிம்மோன் கோவிலில் வணங்கும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், அதை ஆண்டவர் மன்னிக்கட்டும் என்கிறார். நாட்டையே நடுங்க வைத்தவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். நம்மை அதட்டும் மேலதிகாரியும் இன்னொருவர் முன்னால் கைகட்டி நிற்பவர்தான். எலிசா அவரிடம் சட்டம் பேசவில்லை. அமைதியோடு போய்வாரும் என்று மட்டும் சொன்னார்.

பொய்க்கணக்கில் கையெழுத்துப் போட இந்த வசனத்தைத் துணைக்கு இழுக்க முடியாது. கேகசியும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறான். ஆனால் முதலாளி நடத்தும் பூசையில் நிற்கலாமா, அதிகாரி கேட்டதற்கு மறுத்தால் வேலை நிலைக்குமா என்று இரவெல்லாம் தூங்காமல் கிடப்பவர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். திருப்பலி முடிந்ததும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். இப்போது நம் நம்பிக்கையை அறிக்கையிட எழுந்து நிற்போம்.