ஊரும் கூட்டாளியும்

'சொந்த ஊர் எது?' சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதிக்கொண்டு போன இடத்தில் என்னைக் கேட்டார்கள். நான் பிறந்தது நீலகிரியில் ஒரு தோட்டத்து லயத்தில். அம்மா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தாத்தாவின் அப்பா திருச்சிப் பக்கத்துச் சேரியிலிருந்து அங்கே பிழைக்கப் போனவர். இதில் எதைச் சொல்வது? சேரிக்காரர்களுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று உண்டா? சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடுமாடு பங்கு பிரிக்கிற கணக்கு. பிரிக்கும்போது கொழுந்து பறிக்கிறவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

அந்தக் கணக்கில் 1980இல் அம்மா இங்கே வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயசு. சனங்களை ஏற்றிப்போன ரயிலுக்கு அங்கே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர். தலைமன்னாரில் கப்பல், அப்புறம் மண்டபம் முகாம். அரசாங்கம் எங்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. தாத்தா அந்தத் தாயகத்தைப் பார்க்க ஆசை ஆசையாய்ப் போனார். டீக்கடையில் கேட்ட முதல் கேள்வி, 'எந்தத் தெரு?' பதில் சொன்னதும் தனிக்குவளையில் டீ வந்தது. குடிக்காமல் எழுந்து வந்தவர், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நீலகிரிக்கு மலையேறிவிட்டார்.

ஆனால் அம்மா அந்தத் தீவை நினைத்து அழுதுகொண்டே இருந்தாள். இயக்கத்துக்கு வந்த புதிதில் நான் அவளோடு சண்டை போடுவேன். "அங்கேயும் அடிமையாத்தானே கெடந்தீங்க? பெரட்டுக் களத்துல கைகட்டி நின்ன மண்ணுக்கா அழுவுற?"

"மண்ணுக்கு எவடி அழுதா? என் கூட்டாளிக்கு அழுவுறேன்."

அந்தக் கூட்டாளி மேட்டு லயத்துக்காரி. அம்மா பணிய லயம். கங்காணி ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகவில்லை, ஊரையும் சேரியையும் சேர்த்தே கொண்டுபோனான். லயத்தையும் சாதி பார்த்துத்தான் பிரித்தார்கள். கூட்டாளியின் அம்மா என் அம்மாவுக்குச் சிரட்டையில்தான் தேத்தண்ணி ஊற்றுவாளாம். ஆனால் கொழுந்து மலைக்குப் போய்விட்டால் இரண்டு பேரும் ஒரே போத்தலில் வாய் வைத்துக் குடிப்பார்கள்.

மலையக மக்கள் வந்து 200 வருசம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த வருசம்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கொழும்பிலிருந்து கோச்சியில் அட்டன். பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு கிழவி நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்து மூன்று வருசம் கழித்துப் பார்த்தும் இரண்டு பேருக்கும் அடையாளம் தெரிந்துபோனது. இரண்டு பேரும் ஈரத்தில் உட்கார்ந்து அழுதார்கள். சனம் கூடிவிட்டது. 'எந்தத் தெரு' என்று யாரும் கேட்கவில்லை, 'யாரு மக' என்று கேட்டார்கள். தாத்தாவின் பெயரைச் சொன்னதும் ஒருத்தி ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள், இன்னொருத்தி சம்பல் அரைத்தாள். ராத்திரி காம்பிரா நிறைய ஆட்கள். எங்கள் ஊர் இதுதான் என்று எழுதி முடித்துவிடலாம் என்றிருந்தது எனக்கு.

முடிக்க முடியவில்லை. கூட்டாளியின் சின்ன மகளை மட்டும் காணவில்லை. விசாரித்தால், அவள் பணிய லயத்துப் பையனைக் கட்டிக்கொண்டாளாம். ஆறு வருசமாகத் தாய் அந்த வாசலை மிதிக்கவில்லை. பேத்தியைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி.

எல்லாரும் போன பிறகு அம்மா கேட்டாள். "ஒரே போத்தல்ல குடிச்சமே, அது எந்த லயத்துத் தண்ணிடி?"

கூட்டாளி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். "ஒன்னோட குடிச்சது வேற புள்ள. அது ஒனக்கும் எனக்கும். இது நாலு பேருக்குத் தெரிஞ்சது."

"அப்ப நாலு பேருக்குத் தெரியாமத்தான் என்னோட குடிச்சியா?"

நான் படித்த எந்தப் புத்தகமும் என்னை இப்படி நிறுத்தி வைத்ததில்லை. அகமணம்தான் சாதியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று அம்பேத்கர் 1916லேயே விளக்கிவிட்டார். சுதந்திரம், சமத்துவத்தோடு சகோதரத்துவத்தையும் விடாமல் வற்புறுத்தினார். சகோதரத்துவம் என்றால் அன்பாக இருப்பது என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அன்பு பொய்யில்லை. அந்தப் போத்தலும் பொய்யில்லை. ஆனால் மலைக்காட்டில் மறைந்து குடித்த சமத்துவம் லயத்து வாசலுக்கு வரும்போது செத்துப்போகிறது. எனக்குத் தெரிந்த எத்தனையோ முற்போக்கு நட்புகளும் இந்த இடத்தில்தான் முடிந்திருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை அச்சாகிற வரைக்கும் தோழர், அதற்குப் பிறகு 'வீட்டுல ஒத்துக்கமாட்டாங்க'.

அப்படியானால் அந்த நட்பைத் தூக்கிப்போடுவதா? நானாயிருந்தால் விடிந்ததும் மூட்டை கட்டியிருப்பேன். அம்மா அப்படிச் செய்யவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு அந்த வீட்டிலேயே, அவள் பக்கத்திலேயே படுத்தாள். டீக்கடையில் தாத்தா வாய்திறந்து கேட்டிருந்தால் உதைதான் விழுந்திருக்கும். இங்கே அம்மாவால் கேட்க முடிந்தது. கேட்கப்பட்டவள் தலைகுனிந்தாள். அந்த உரிமையை எந்த ஒப்பந்தமும் கொடுக்கவில்லை. பதினேழு வயசுக்குள் சேர்த்து வைத்த நட்பு கொடுத்தது.

மறுநாள் காலையில் கூட்டாளி எங்களோடு பணிய லயத்துக்கு இறங்கி வந்தாள். பாதிப் பேர் வாசலில் நின்று பார்த்தார்கள். மகள் 'வா' என்று சொல்லவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கூட்டாளி எல்லார் முன்னாலும் அதை எடுத்துக் குடித்தாள். அவ்வளவுதான் நடந்தது. இதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல நான் தயாரில்லை. அந்த மகள் மன்னித்தாளா என்பது அவள் பாடு.

புறப்படும்போது ஒப்பாரி இல்லை. கோச்சி ஏறும்போது அம்மா கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த தடவ நான் வர்றப்ப ஒம் பேத்தி ஒங் காம்பிராவுல இருக்கணும்."