பழசான கருவிக்குச் செய்ய வேண்டிய கடன்

ஜப்பானியத் தொலைக்காட்சியின் பழைய சாகசவீரர் தொடர்களில் எதிர்காலம் என்று காட்டப்பட்ட கருவிகள் பலவும் இன்று காட்சிசாலைக்குப் போய்விட்டன. 1966 ஜூலையில் தொடங்கிய ‘அல்ட்ராமேன்’ தொடரில் அறிவியல் காவற்படையினர் சட்டையில் குத்திய பதக்கத்திலிருந்து ஏரியலை இழுத்து நீட்டிப் பேசுகிறார்கள். அடுத்த ஆண்டு வந்த ‘அல்ட்ரா செவன்’ தொடரில், முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி மணிக்கட்டில் ஏறிவிட்டது. அதே 1967இல் வெளிவந்த ‘ஜயண்ட் ரோபோ’வில் ஒரு சிறுவன் கைக்கடிகாரத்தில் ஆணையிட, கோபுர உயர எந்திரம் பறந்து வருகிறது. இந்தியாவில் 1980களில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த ரோபோ நல்ல பழக்கம். 2003இல் வந்த ‘காமென் ரைடர் ஃபைஸ்’ வீரனோ மடக்கு செல்போனில் 5ஐ மூன்று முறை அழுத்தி, அதை இடுப்புக் கச்சையில் செருகினால்தான் உருமாறுவான்.

இவற்றில் வேகமாக மூப்படைந்தது 1997இன் ‘மெகாரேஞ்சர்’. கணினி, செயற்கைக்கோள், டிஜிட்டல் தொலைக்காட்சி, டிஜிட்டல் கேமரா, செல்போன் என்று ஐந்து வீரருக்கும் ஒவ்வொரு கருவியே அடையாளம் ஆக்கப்பட்டது. முப்பது ஆண்டு மூத்த ரோபோவைப் பார்க்கும்போது வராத பரிதாபம் செல்போன் வீராங்கனையைப் பார்க்கும்போது வந்துவிடுகிறது. கருவி பழசாகும்போது அதன் மேல் வைத்த நம்பிக்கையும் கூடவே பழசாகிவிடுமா என்ற கேள்வி இங்கே எழுகிறது. சமயங்கள் வெகுகாலமாக விடை தேடிவரும் கேள்வி இது.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இதற்கு ஒரு விடை ஆண்டுதோறும் வெட்டவெளியில் நடித்துக் காட்டப்படுகிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நாளன்று உயரமான தபசு மரம் நடப்படும். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். அவர் போவது பாசுபதாஸ்திரம் வாங்க. உச்சியில் எந்த ஆயுதமும் கிடையாது. அங்கிருந்து அவர் எலுமிச்சம்பழமும் திருநீறும் வீசுகிறார். பிள்ளை வரம் கேட்டு ஈரத்துணியோடு கீழே காத்திருக்கும் பெண்கள் மடியேந்தி வாங்குகிறார்கள். பாசுபதம் எந்த விசையில் ஓடும், எத்தனை காதம் பாயும் என்று கூத்து விளக்குவதில்லை. விளக்காத ஆயுதத்துக்குக் காலாவதி தேதியும் இல்லை. முருகன் கைவேலும் அப்படித்தான்: இரும்புக்காலத்துக் கருவி, போர்க்களத்தைவிட்டுப் போய்ப் பல நூற்றாண்டு ஆன பின்னும் ஞானத்தின் வடிவாக நிற்கிறது. ஜப்பானியத் தொடர்கள் வேறு வழியில் போயின. தங்கள் அதிசயம் எப்படி வேலை செய்கிறது என்று அவை சொல்ல முயன்றன. ஏரியல் வைத்தன, பொத்தான் வைத்தன. விளக்கம் தரும் அதிசயம் அழிவையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறது. இதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. தன் காலத்து அறிவை நம்பி நாளைக்குக் கைநீட்டிய நேர்மை அதில் இருக்கிறது.

பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் மெய்கண்டார். பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட அவருடைய சிவஞானபோதத்தை அடித்தளமாகக் கொண்ட சைவ சித்தாந்தம் கருவி பற்றித் தெளிவாகப் பேசுகிறது. உயிர் தானாக அறிவதில்லை, அறிவிக்க அறிவது. அப்படி அறிவதற்குத் துணையாகத் தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் மாயையிலிருந்து படைத்துத் தரப்படுகின்றன. உடம்பும் கருவிதான், மனமும் கருவிதான். ஆணவ இருளில் மாயை ஏற்றிவைத்த விளக்கு. விடிந்தபின் அதற்கு வேலை இல்லை என்பது சித்தாந்தம் கையாளும் உவமை. ஆக, கருவி சடம். தனக்கென்று அறிவும் விருப்பமும் அற்றது. ஆனால் அருளால் வந்த கொடை. பழசாகித் தேய்வது அதன் இயல்பே என்பதால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அது கையில் இருந்தபோது உயிர் என்ன பக்குவம் பெற்றது என்பதுதான் கணக்கு.

ஜப்பானிய பௌத்தம் இவ்வளவோடு நிற்கவில்லை. புல்லும் மரமும்கூடப் புத்த நிலை அடையும் என்ற கருத்து அங்கே டெண்டாய், ஷிங்கோன் மரபுகளில் வேரூன்றியது. இடைக்காலத்து ‘சுகுமோகாமி’ ஓவியச் சுருள் ஒன்றில், வருடக் கடைசியில் வீட்டைச் சுத்தம் செய்து வெளியே எறியப்பட்ட பழைய சாமான்கள் கோபம் கொண்டு பேயுருவாகி ஊரை அலைக்கழிக்கின்றன. முடிவில் துறவு பூண்டு புத்த நிலை அடைகின்றன. உழைத்த பொருளை நன்றி சொல்லாமல் எறிவது பாவம் என்பது கதையின் உள்ளோட்டம். ஒடிந்த தையல் ஊசிகளைப் பிப்ரவரி 8 அன்று மென்மையான டோஃபு கட்டியில் குத்திவைத்து விடைகொடுக்கும் சடங்கு இன்றும் நடக்கிறது. எந்திரவியலாளர் மசாஹிரோ மோரி, ரோபோவுக்குள்ளும் புத்த இயல்பு உண்டு என்று 1970களில் எழுதினார்.

இந்த எண்ணம் மின்னணுக் காலத்துக்கும் வந்து சேர்ந்தது. சோனி நிறுவனம் 1999இல் வெளியிட்ட ‘ஐபோ’ என்ற ரோபோ நாயின் உற்பத்தி 2006இல் நின்றது. 2014இல் பழுதுபார்ப்பும் நிறுத்தப்பட்டது. இனி எழாத நாய்களுக்குச் சிபா மாகாணம் இசுமியிலுள்ள கோஃபுகுஜி கோயிலில் 2015 முதல் நீத்தார் சடங்கு நடத்தப்பட்டது. வரிசையாக அடுக்கிய நாய்களின் கழுத்தில் அவை வந்த ஊரும் வளர்த்த குடும்பமும் எழுதிய அட்டைகள். முன்னால் துறவி மந்திரம் ஓதுகிறார். 2018க்குள் இப்படி ஏறத்தாழ 800 நாய்கள் விடைபெற்றன. சடங்கு முடிந்த பிறகே அவற்றின் உதிரிப் பாகங்கள் கழற்றப்பட்டு, இன்னும் ஓடும் நாய்களைப் பழுதுபார்க்கப் பயன்பட்டன.

இதைத் தமிழர் விசித்திரமாகப் பார்க்கக் காரணமில்லை. ஆகமக் கோயிலில் திருப்பணி தொடங்குமுன் கலாகர்ஷணம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்து நீருக்கு மாற்றிப் பாலாலயத்தில் வைத்துப் பூசிக்கிறார்கள். பின்னமான கற்சிலையை நீரில் விடுவதற்கும் முறை வகுத்திருக்கிறார்கள். வீட்டிலும் இதன் சாயல் உண்டு. மிக்சி வந்த பிறகு அம்மியில் அரைப்பவர் குறைவு. ஆனால் அம்மி மிதிக்காமல் கல்யாணம் நிறைவதில்லை. புழக்கத்திலிருந்து போன கருவி சடங்கில் இடம்பிடித்துக்கொண்டது.

இரண்டு தரிசனங்களையும் உரசிப் பார்க்க ‘ஜயண்ட் ரோபோ’வின் கடைசிப் பகுதி, 26ஆவது, நல்ல கல். முதலில் கேட்ட குரலுக்கு மட்டுமே கட்டுப்படும்படி அமைந்த எந்திரம் அது. அந்தக் குரல் சிறுவனுடையது. எதிரிப் பேரரசன் கில்லட்டின் பூதாகாரமாக வளர்ந்து, தன்னைத் தாக்கினால் தன் உடலில் உள்ள அணுசக்தி வெடித்துப் பூமியே அழியும் என்கிறான். ரோபோ அவனைத் தூக்கிக்கொண்டு விண்வெளிக்குப் பறக்கிறது. திரும்பி வா என்று சிறுவன் கதறி ஆணையிட்டும் திரும்பாமல் அவனோடு சேர்ந்து வெடித்து அழிகிறது. கருவி ஆணையை மீறுகிறது.

பௌத்தர் இதில் தியாகத்தைக் காண்பார். எந்திரத்துக்குள் இருந்த புத்த இயல்பு வெளிப்பட்டது என்பார். சித்தாந்தி ஒப்பமாட்டார். சடத்துக்கு விருப்பமும் தியாகமும் ஏது? நடந்தது, அழுதுகொண்டு நிற்கும் சிறுவனுக்குள் என்பார். ஆணையிட மட்டுமே தெரிந்த ஓர் உயிர், தன் ஆணைக்கு அடங்காத நன்மை ஒன்று உலகில் உண்டு என்று கண்டுகொள்கிறது. அந்தப் பக்குவத்தைத் தந்ததும் கருவியின் வேலை முடிந்தது. இரண்டில் இந்த விடைதான் வலுவானது. ‘மெகாரேஞ்சர்’ ஏன் சீக்கிரம் மூத்தது என்பதையும் இது விளக்குகிறது: அங்கே வீரரையே கருவியாக்கிவிட்டார்கள், கருவியோடு வீரரும் மூத்துவிட்டார்.

ஆனால் வேலை முடிந்த கருவியை அனுப்பிவைப்பதில் ஜப்பானியர் ஒரு படி மேலே இருக்கிறார்கள். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையை ஒட்டிய வடக்கனந்தலிலும், கூட்டுறவு சர்க்கரை ஆலை இயங்கும் கச்சிராயபாளையத்திலும் ஆயுத பூஜை குறைவில்லாமல் நடக்கும். கரும்பு வெட்டும் கத்திக்கும் டிராக்டருக்கும் தறிக்கும் கணினிக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. அந்த மரியாதை ஓடுகிற கருவிக்கு மட்டுமே. நின்றுபோன போனும் எரிந்துபோன மோட்டாரும் ஒரு வார்த்தை இல்லாமல் பழைய இரும்புக்காரரிடம் போகின்றன, அல்லது குப்பையோடு எரிந்து மண்ணையும் நீரையும் கெடுக்கின்றன. அடுத்த ஆயுத பூஜையில் அவற்றுக்கும் ஒரு பொட்டு வைத்து, பிறகு முறையான மறுசுழற்சிக்கு அனுப்பலாம். கருவியைக் கொடை என்று சொல்லும் சித்தாந்தத்தில் இதற்குத் தடை ஏதும் இல்லை.