சுமாராக ஆடவும் உரிமை வேண்டும்

2023 நவம்பர் 5 அன்று ராஞ்சியில் மகளிர் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கியின் இறுதிப் போட்டி நடந்தது. இந்தியா, ஜப்பான், சீனா, தென் கொரியா, மலேசியா, தாய்லாந்து என ஆறு நாடுகள் கலந்துகொண்ட தொடர் அது. ஜப்பானை 4-0 என்று வீழ்த்தி இந்தியப் பெண்கள் கோப்பையை வென்றார்கள். இப்படியொரு வெற்றி வரும்போதெல்லாம் நாம் ‘சிங்கப்பெண்கள்’ என்கிறோம், ‘நாட்டின் பெருமை’ என்கிறோம்.

இரண்டரை மாதம் கழித்து, 2024 ஜனவரி 19 அன்று, அதே மைதானத்தில் அதே ஜப்பானிடம் 0-1 என்று தோற்று, பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போகும் வாய்ப்பை இந்திய அணி இழந்தது. அன்று அந்தச் சொற்கள் எங்கே போயின? வென்றால் மகள், தோற்றால் யாரோ என்பதுதான் நம் அன்பென்றால், அதற்குப் பெயர் அன்பா?

வந்தனா கட்டாரியாவுக்கு நடந்தது இதைவிடக் கொடியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் அவர். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். சில நாள்களில், 2021 ஆகஸ்ட் 4 அன்று, அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றது. ஹரித்வார் அருகே அவருடைய வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றார்கள் என்று சாதியைச் சொல்லி ஏசியதாகக் குடும்பத்தினர் போலீசில் புகார் கொடுத்தார்கள். ஆட்டத்தில் தோற்றது பதினொரு பேர். பதில் சொல்ல வேண்டியிருந்தது ஒரு தலித் பெண்ணின் வீடு. யாருக்குத் தோற்க அனுமதி உண்டு, யாருக்கு இல்லை என்பதைச் சாதியும் பாலினமும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன.

இதை நம் தூத்துக்குடி மாவட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் போலவே ஹாக்கியும் அடையாளம். அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022இல் இந்திய அணிக்காக ஆடினார்கள். ஊரே கொண்டாடியது, நியாயம்தான். ஆனால், அந்த இருவருக்குப் பின்னால் எத்தனை தலைமுறைப் பையன்கள் சாயங்காலமானால் மட்டையோடு மைதானத்துக்குப் போயிருப்பார்கள்! பெரும்பாலோர் மாவட்ட அணியைக்கூட எட்டியிருக்க மாட்டார்கள். “நீ எதற்கு ஆடினாய், என்னத்தைச் சாதித்தாய்?” என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. ஆடினான், வியர்த்தான், வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். அவ்வளவுதான். அந்த ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு லட்சுமி அம்மாள் என்ற பெண்ணின் பெயர். ஆடுவது ஆண்கள் அணிகள்.

“பெண்பிள்ளைகளை யாரும் தடுக்கவில்லையே” என்பார்கள். தடுக்காமல் இருப்பது வேறு, எதிர்பார்த்துக் காத்திருப்பது வேறு. பையன் மைதானத்துக்குப் போவதற்குக் காரணம் தேவையில்லை. பெண் போக வேண்டுமென்றால் காரணம் வேண்டும்: வேலைக்கு ஒதுக்கீடு கிடைக்கும், மெடல் வாங்குவாள், அப்பாவுக்குப் பெருமை சேர்ப்பாள்.

“வெயிலில் கறுத்துவிடுவாள், கைகால் முரடாகிவிடும்” என்பது இன்னொரு பேச்சு. இதே மாவட்டத்தின் உப்பளங்களில் பெண்கள் விடியுமுன்பே வந்து, உப்புநீரில் நின்று, கண்கூசும் வெயிலில் உப்பு சுமக்கிறார்கள். கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழில் பெண்களின் விரல்களால்தான் வளர்ந்தது. அந்தக் கைகால்கள் முரடாவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. ஆக, கவலை பெண்ணின் உடம்பைப் பற்றியதல்ல. அந்த உடம்பு யாருக்கும் பயன்படாமல், தன் சந்தோஷத்துக்காக மட்டும் ஓடுகிறதே என்பதுதான் கவலை. உழைத்துக் களைத்தால் உத்தமி; ஆடிக் களைத்தால் அடங்காதவள்.

பொதுப் பணம் கொஞ்சம்தான், திறமையுள்ளவர்களுக்குத்தானே செலவழிக்க முடியும் என்ற வாதம் உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டம் அதற்கொரு பதில். ராஞ்சியில் வென்ற அணியில் ஆடிய சலீமா டெட்டே அந்த மாவட்டத்துக்காரர். 2024இல் பீகாரின் ராஜ்கிரில் சீனாவை 1-0 என்று வென்று இதே கோப்பையைத் தக்கவைத்தபோது அவர்தான் கேப்டன். அந்தப் பகுதியில் ஆட்டுக்கிடாயைப் பரிசாக வைத்துக் கிராமங்களில் ஹாக்கி நடத்துவார்கள், பெண்களும் ஆடுவார்கள். அப்படிச் சுமாராக ஆடிய பலருக்கு நடுவிலிருந்துதான் ஒரு சலீமா வருகிறார்.

ஆனால், இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இதுவும் பயனைக் காட்டி உரிமை கேட்பதுதானே? நூறு பேர் ஆடினால் ஒரு சாம்பியன் கிடைப்பாள், ஆகவே நூறு பேரையும் ஆட விடுங்கள் என்றால், மீதித் தொண்ணூற்றொன்பது பேர் வெறும் உரம்தானா? சாம்பியனே வராவிட்டால் மைதானத்தைப் பூட்டிவிடலாமா? பெண் படித்தால் குடும்பம் முன்னேறும், பெண் சம்பாதித்தால் நாடு வளரும் என்று நமக்கான ஒவ்வொன்றையும் வேறு யாருக்கோ ஆதாயம் காட்டியே வாங்கிப் பழகிவிட்டோம். விளையாட்டு அந்தப் பழக்கத்தை விட்டொழிக்க நல்ல இடம். ஏனென்றால், விளையாட்டுக்கு வெளியே அதற்கு ஒரு காரணம் தேவையே இல்லை.

ஆசியக் கோப்பைகள் வரட்டும், கைதட்டுவோம். சமத்துவம் வந்துவிட்டதா என்று அளக்க மட்டும் கோப்பையைப் பார்க்க வேண்டாம். ஷிப்ட் முடிந்து வந்த தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்ணொருத்தி, கல்யாணமானவள், பந்தைச் சரியாக நிறுத்தக்கூடத் தெரியாதவள், மைதானத்துக்கு வந்து ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, யாருக்கும் விளக்கம் சொல்லாமல் வீட்டுக்குப் போக முடிகிறதா என்று பார்ப்போம்.